கைப்பக்குவத்துக்கு என்ன விலை?

'இங்கிலீஷ் விங்கிலீஷ்' படத்தைச் சில ஆண்டுகளாக முதுகலை மாணவிகளுக்குத் திரையிட்டு வருகிறேன். தமிழ்ப் பதிப்பில் விமானத்துக்குள் அஜித் வந்ததும் கைதட்டல் எழும். நியூயார்க் காபிக் கடைக் காட்சியில் வகுப்பு அடங்கிவிடும். கல்லாவில் இருப்பவள் படபடவென்று கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் சசி கூனிக்குறுகி வெளியே ஓடுவாள். மொழி எப்படி ஒரு பெண்ணை அவமானப்படுத்தும் ஆயுதமாகிறது என்று நான் பேசத் தொடங்குவேன். சென்ற ஆண்டு ஒரு மாணவி குறுக்கே கேட்டாள்: "மேம், ஊர்ல லட்டு வித்துச் சம்பாதிச்சவதானே? அமெரிக்காவுல ஏன் ஒரு லட்டுகூட விக்கல?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அந்தக் கேள்வியோடு படத்தை மறுபடி பார்த்தேன்.

கௌரி ஷிண்டே 2012இல் எடுத்த இந்தப் படத்தைப் பொதுவாக மொழித் தாழ்வுணர்ச்சியின் கதையாகவே வாசித்திருக்கிறோம். ஆனால் சசியை நகர்த்துவது பணம். ஆங்கில வகுப்புக்குக் கட்டணம் கட்டுவது அவளுடைய லட்டுக் காசு. கணவனிடம் கேட்காமல், யாருக்கும் தெரியாமல் கட்டுகிறாள். வகுப்பில் ஆசிரியர் அவளை 'ஆன்ட்ரப்ரனர்' என்கிறார். அந்தச் சொல்லை வாய்க்குள் உருட்டிக்கொண்டே அவள் தெருவில் நடக்கும் காட்சி படத்திலேயே ஆகச் சிறந்தது. சமையல் ஒரு கலை என்னும் பிரெஞ்சுச் சமையல்காரரிடம், ஆண் சமைத்தால் கலை, பெண் சமைத்தால் கடமை என்ற பொருளில் அவள் சொல்லும் பதிலும் கூர்மையானது.

இவ்வளவும் சொன்ன படம் கடைசியில் என்ன செய்கிறது? அக்கா மகள் கல்யாணத்துக்கு லட்டு பிடிக்க வைக்கிறது, கூலியில்லாமல். அந்த லட்டுகள் கொட்டிப்போக, மறுபடி உட்கார்ந்து பிடிப்பதற்காகத் தேர்வையும் விட்டுவிடுகிறாள். தன் தொழிலில் தோற்கக் கூடாது என்ற அவளுடைய கறார் எனக்குப் பிடிக்கும். ஆனாலும், தொழில்முனைவோர் என்று பெயர் பெற்றவளைச் சித்தியாக மட்டும் திருப்பி அனுப்புகிறது படம். மரியாதை கிடைக்கிறது, ஆர்டர் கிடைக்கவில்லை.

நியாயமாகச் சொன்னால் அவள் அங்கே விற்றிருக்கவும் முடியாது. விருந்தாளியாக வந்தவள். மென்பொருள் வேலைக்குப் போன கணவனோடு எச்-4 விசாவில் வாழச் சென்றவர்களுக்கே அது தடைதான். 2015இல் விதி மாறி, கணவனின் பச்சை அட்டை விண்ணப்பம் ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்தால் மட்டும் மனைவி வேலை செய்ய அனுமதி கேட்கலாம் என்றானது. அதாவது அவளுடைய உழைக்கும் உரிமை அவனுடைய கோப்பின் நகர்வைப் பொறுத்தது. என் சித்தி மகள் அந்த விசாவில் இருந்த ஆண்டுகளில் தீபாவளிக்குத் தேன்குழலும் அதிரசமும் செய்து தருவாள். பணம் உறையில் வரும், உறையின் மேல் 'கிஃப்ட்' என்று எழுதியிருக்கும். ஒருமுறை நான் "வியாபாரம் எப்படிப் போகுது?" என்று கேட்டதும், "அக்கா, போன்ல அந்த வார்த்தையச் சொல்லாதீங்க" என்று பதறிவிட்டாள்.

இதன் மறுபக்கம் லண்டனில் இருக்கிறது. நெட்ஃபிளிக்ஸின் 'செஃப்ஸ் டேபிள்' தொடரில் 2019இல் வந்த அஸ்மா கான் அத்தியாயத்தைப் பல பெண்கள் கண்கலங்கப் பார்த்திருப்பார்கள், நானும்தான். கல்கத்தாவில் இரண்டாவது மகளாகப் பிறந்தவர். 1991இல் திருமணமாகிக் கேம்பிரிட்ஜ் போனபோது சமைக்கத் தெரியாது. ஊர் திரும்பி அம்மாவிடம் கற்றார். சட்டம் படித்து, பிரிட்டன் அரசியலமைப்புச் சட்டத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். 2012இல் தன் வீட்டிலேயே விருந்து சமைத்துக் காசு வாங்கத் தொடங்கி, பிறகு சோஹோவில் ஒரு மதுக்கூடத்தின் சமையலறையில் நடத்தி, 2017இல் 'டார்ஜிலிங் எக்ஸ்பிரஸ்' உணவகத்தைத் திறந்தார். சமையலறையில் முழுக்கப் பெண்கள்.

அத்தியாயத்தின் கேமரா கைகளை நேசிக்கிறது: மாவு பிசையும் கை, பிரியாணிச் சட்டியைத் திறக்கும் கை, அம்மாவின் நினைவு. அழகுதான். ஆனால் வாடகை எவ்வளவு, முன்பணம் எங்கிருந்து வந்தது, முதல் மாதச் சம்பளத்தை எப்படிக் கொடுத்தார் என்று கேட்பதில் அதற்கு அவ்வளவு ஆர்வமில்லை. பிரிட்டனில் உணவுத் தொழில் தொடங்க 28 நாளுக்கு முன்பே உள்ளாட்சியில் பதிவு செய்ய வேண்டும், கட்டணம் கிடையாது, வீட்டு அடுப்புக்கும் இதே விதிதான். வந்து சோதித்துச் சுத்தத்துக்குப் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போடுவார்கள். கேட்க எளிது. ஆனால் அந்த வீடு இருக்க வேண்டும், நாட்டில் வேலை செய்யும் உரிமை இருக்க வேண்டும், படிவத்தை வாசிக்கும் மொழி இருக்க வேண்டும். அஸ்மாவுக்குக் கல்வியாளரான கணவர் இருந்தார், சட்டப் படிப்பு இருந்தது. அவர் கதையைச் சொல்பவர்கள் அந்தப் படிப்பை, சமையலுக்கு வந்து சேரும் முன் சுற்றிய சுற்றுவழி போலச் சொல்கிறார்கள். வாடகை ஒப்பந்தத்தைப் புரிந்து கையெழுத்துப் போடும் கைக்கும் பக்குவம் வேண்டாமா?

அவரோடு சமைக்க வந்தவர்கள் பிள்ளை பார்க்கும் வேலைக்கு வந்த பெண்கள், இல்லத்தரசிகள். பத்திரிகைகள் இவர்களை 'பயிற்சி பெறாதவர்கள்' என்று வியக்கின்றன. இந்தச் சொல்தான் எனக்கு உறுத்துகிறது. இருபது முப்பது வருடம் தினம் மூன்று வேளை சமைத்தவர் பயிற்சி பெறாதவர். இரண்டு வருடம் கேட்டரிங் கல்லூரிக்குப் போன பையன் பயிற்சி பெற்றவன். அஸ்மா அந்தப் பெண்களை மறைப்பதில்லை, பேசுமிடமெல்லாம் முன்னால் நிறுத்துகிறார். இரண்டாவது மகள்கள் பிறப்பதைக் கொண்டாட இந்தியாவுக்குப் பணமும் அனுப்புகிறார். பெண்பிள்ளைக்கு 'வேண்டாம்', 'போதும்பொண்ணு' என்று பெயர் வைத்த ஊர்க்காரி நான். அது சின்ன விஷயமில்லை என்று தெரியும். ஆனால் அந்தச் சமையலறையில் நிற்கும் மற்ற பெண்களில் ஒருத்தி நாளை தனிக்கடை போட நினைத்தால் அவளுக்கு எது வேண்டும் என்ற கேள்வியைக் கேமரா எழுப்பவே இல்லை.

கைப்பக்குவம் என்ற நம் சொல்லையும் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. ஹோட்டலில் சமைப்பவர் 'மாஸ்டர்', அவருக்குச் சம்பளம். அம்மாவுக்குக் கைப்பக்குவம். அதைக் கையோடு பிறந்ததாகச் சொல்லிவிட்டால் கற்றுக்கொண்ட காலத்துக்குக் கணக்கு எழுத வேண்டியதில்லை. வேடிக்கை என்னவென்றால், வீட்டில் காசு பெறாத அதே 'அம்மா கை' கடல் கடந்தால் விலைபோகிறது. வீட்டை விட்டு வந்தவர்கள் சோற்றோடு சேர்த்து வீட்டையும் வாங்குகிறார்கள். அஸ்மாவின் மேசையில் விற்பனைக்கு இருப்பதும் அதுதான். அதில் தவறில்லை. விற்பவளும் அது விற்பனை என்று வாய்விட்டுச் சொல்ல முடிய வேண்டும்.

இந்த ஆண்டு மாணவிகளுக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன்: சசியின் லட்டுக்கு விலை வையுங்கள். கடலைமாவு, சர்க்கரை, நெய், முந்திரி, கேஸ், ஆட்டோ என்று கவனமாக எழுதியிருந்தார்கள். முப்பத்தொரு தாள்களில் ஒன்றைத் தவிர எதிலும் அவள் கூலி இல்லை. அந்த ஒரு தாளிலும் 'நாலு மணி நேரம்' என்று எழுதி, தொகைக்கான இடத்தில் எனக்கே ஒரு கேள்வி இருந்தது: "நம்ம ஊர்க் கூலி போடணுமா மேம், நியூயார்க் கூலியா?"