நியாயமுள்ள வீழ்ச்சி: மற்போர் மேடையிலும் கூத்துக் களரியிலும் நிலைமாறும் நாயகர்

மக்கள் கூட்டமாகக் கூடிப் பார்க்கும் கலைகள் பெரும்பாலும் நீதியைப் பற்றியே பேசுகின்றன. யார் வென்றார் என்பதிலும் பார்க்க, வென்றவர் வெல்லத் தகுந்தவரா என்பதே பார்வையாளரின் வினாவாக இருக்கின்றது. பிரெஞ்சுத் திறனாய்வாளர் றோலன்ட் பார்த் 1957இல் வெளிவந்த தமது கட்டுரைத் தொகுதியில் தொழின்முறை மல்யுத்தத்தை ஆராய்ந்தபோது, அது விளையாட்டன்று, காட்சி என்று நிறுவினார். முடிவு முன்னரே வகுக்கப்பட்டதென்பது பார்வையாளருக்கு ஒரு குறையாகத் தோன்றுவதில்லை. துன்பமும் தோல்வியும் நீதியும் கண்முன்னே உருக்கொள்வதைக் காணவே அவர்கள் வருகின்றனர். நமது கூத்தைப் பார்க்கும் கிராமத்தவனுக்கும் இது பொருந்தும். கர்ணன் இறப்பான் என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் விடியும்வரை விழித்திருக்கின்றான்.

இவ்விரு கலைகளுக்குமிடையே புறநிலை ஒற்றுமைகளும் உள்ளன. மட்டக்களப்பின் வட்டக்களரியைப் போலவே மல்யுத்த மேடையையும் நாற்புறமும் மக்கள் சூழ்ந்திருக்கின்றனர். கூத்திலே வரவுப்பாட்டும் தாளக்கட்டும் உடையும் வருபவர் யாரென்பதை முன்கூட்டியே அறிவிக்கின்றன. மல்லனையும் அவனுக்கேயுரிய இசை அறிமுகஞ் செய்கின்றது. இருவரும் களத்தில் அடியெடுத்து வைக்குமுன்னரே ஆரவாரஞ் செய்வதா, ஏளனஞ் செய்வதா என்பது தீர்மானமாகிவிடுகின்றது. ஆகவே இவ்வரங்குகளில் ஒருவன் நிலைமாறுவது, அதாவது நேற்றுவரை நாயகனாக நின்றவன் இன்று எதிர்நாயகன் ஆவது, பெரியதோர் அதிர்ச்சியாகும். அவ்வாறு மாறுபவன் தன் பக்கத்து நியாயத்தோடு மாறும்போது அதிர்ச்சி மட்டுமன்றிச் சங்கடமும் பிறக்கின்றது. அச்சங்கடமே இக்கட்டுரையின் பொருள்.

மல்யுத்த உலகில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டுக் கனடா நாட்டுக் கல்கரி நகரத்தவரான பிரெற் ஹார்ற். 1990களின் நடுப்பகுதிவரை ஒழுங்கின் பிரதிநிதியாக அவர் விளங்கினார். விதிகளை மீறாதவர், தம் தொழிலைக் கலையாக மதித்தவர் என்பதே அவரைப் பற்றிய படிமம். 1997 ஜனவரியில் நடைபெற்ற பலர் பங்குபற்றும் போட்டியில், அவரால் மேடைக்கு வெளியே வீசப்பட்ட ஸ்ரீவ் ஒஸ்ரின், நடுவர்கள் அதனைக் காணாமையால் மீண்டும் உள்ளே வந்து வெற்றி பெற்றார். அடுத்த மாதம் ஹார்ற் பெற்ற பட்டம் ஒரு நாள் மட்டுமே நிலைத்தது. அதனை அவர் இழப்பதற்கும் ஒஸ்ரினின் குறுக்கீடே வழிகோலியது. முறையிட்டார், கேட்பாரில்லை. அதைவிடக் கொடியது, முறையிடுபவர் என்பதற்காகவே மக்கள் அவரை வெறுக்கத் தொடங்கியமை. அக்காலத்து அமெரிக்கப் பார்வையாளருக்கு விதிகளை மதிப்பவர் சலிப்பூட்டினார். விதிகளைத் தூக்கியெறிந்த ஒஸ்ரின் விடுதலையின் உருவமாகத் தோன்றினார்.

1997 மார்ச் 23ஆம் திகதி சிக்காகோவுக்கு அண்மையில் இருவரும் மோதினர். ஒருவர் தோல்வியை ஒப்புக்கொண்டாலன்றி முடிவுறாத போட்டி அது. ஒஸ்ரின் முகமெல்லாம் குருதி வழிய ஹார்ற்றின் பிடியில் அகப்பட்டிருந்தார், இறுதிவரை ஒப்புக்கொள்ளவில்லை, நினைவிழந்தார். நடுவர் போட்டியை நிறுத்தி ஹார்ற் வென்றதாக அறிவித்தார். ஆயின் ஹார்ற் நிறுத்தவில்லை. நினைவிழந்து கிடந்தவரை மீண்டும் தாக்கினார். நாயகனாக வந்தவர் ஏளனக்குரல்களுக்கிடையே வெளியேறினார். எதிர்நாயகனாக வந்தவர் பிறர் துணையை மறுத்துத் தாமே தள்ளாடி நடந்து, மக்களின் ஆரவாரத்தைப் பெற்றார். ஒரே போட்டியில் இருவரின் நிலைகளும் இடம்மாறின.

மறுநாள் ஹார்ற் அமெரிக்கப் பார்வையாளரையே குற்றஞ்சாட்டினார். அவர் கூறியவற்றுட் பெரும்பகுதி உண்மையே. இழைக்கப்பட்ட அநீதி உண்மை. மக்கள் கைவிட்டமை உண்மை. எனினும் வீழ்ந்தவனை அடித்தமைக்கு அவை ஈடாகா. இந்நிகழ்வின் ஆழம் இங்கேதான் உள்ளது. முறைப்பாடு முழுவதும் நியாயமாக இருக்கையிலேயே செயல் அநியாயமாகின்றது. இன்னொன்றும் இங்கு மனங்கொள்ளத்தக்கது. அமெரிக்காவிற் கொடியவராக நின்ற அதே ஹார்ற், அவ்வாண்டு ஜூலையிற் கல்கரியில் மேடையேறியபோது மாவீரராகக் கொண்டாடப்பட்டார். அவர் ஒருவரே; எல்லைக்கோட்டின் எப்பக்கத்திற் பார்வையாளர் அமர்ந்திருந்தனர் என்பதே வேறுபட்டது.

இதற்கு நேர்மாறானது 2018 ஓகஸ்ற்றில் நிகழ்ந்த பெக்கி லிஞ்சின் நிலைமாற்றம். பட்டத்துக்கான போட்டியைத் தம் உழைப்பாற் பெற்றவர் அவர். தோழி ஷார்லற் ஃபிளேயர் பின்னர் அப்போட்டியிற் சேர்க்கப்பட்டார். வெற்றியும் ஃபிளேயருக்கே கிட்டியது. போட்டி முடிந்ததும் லிஞ்ச் தோழியைத் தாக்கினார். அவரைத் தீயவராகக் காட்டுவதே நிறுவனத்தின் நோக்கம். மக்களோ ஏளனஞ் செய்ய மறுத்து ஆரவாரித்தனர். அதன்பின் அவர் பார்வையாளரைக் கடிந்து பேசியபோதும் ஆரவாரம் அடங்கவில்லை. நிறுவனம் எழுதிய தீர்ப்பை மக்கள் திருத்தி எழுதினர். 2019 ஏப்ரலில் நிறுவனத்தின் மிகப் பெரிய மேடையில், இறுதிப் போட்டியில் வென்று பட்டஞ் சூடினார். உண்மையில் இங்கு வீழ்ச்சியே நிகழவில்லை. வரிசையில் நின்றவரைப் பின்தள்ளும் ஓர் ஒழுங்கு உடைக்கப்பட்டது; உடைத்தவரை மக்கள் தம்மில் ஒருவராகக் கண்டனர்.

இவ்வகைக்கு நமது குடாநாட்டு மரபிலேயே ஓர் உறவுண்டு. மாரியம்மன் கோயில் முன்றில்களில் ஆடப்படும் காத்தவராயன் கூத்தையே கருதுகின்றேன். காத்தவராயன் ஆரியமாலையை விரும்புகின்றான். தாய் முத்துமாரி தடுக்கின்றாள். அவன் கேளான். மாறுவேடம் பூணுகின்றான், ஏமாற்றுகின்றான், இறுதியிற் கழுமரம் ஏறுகின்றான். சாதி ஒழுக்கத்தின் அளவுகோலால் அளந்தால் அவன் குற்றவாளியே. ஆயின் விடியும்வரை இருந்து பார்க்கும் சனங்கள் அவன் பக்கமே நிற்கின்றனர். அவன் மீறிய விதி மீறப்பட வேண்டிய விதி என்பதைத் திறனாய்வாளன் சொல்லுமுன்னரே அவர்களின் நெஞ்சு அறிந்திருக்கின்றது. ஆகவே விதியை மீறுதல் வேறு, வீழ்தல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவது அதிகாரத்திலிருப்போருக்கு வாய்ப்பானது. கலைக்கு அது பொருந்தாது.

மெய்யான வீழ்ச்சியைக் காணக் கர்ணனிடமே செல்லவேண்டும். அவனுடைய கதையும் ஒரு போட்டிக் களத்திலேதான் தொடங்குகின்றது. இளவரசர் தம் வித்தையைக் காட்டிய களத்திற் புகுந்து அருச்சுனனைப் போருக்கு அழைக்கின்றான். கிருபன் குலங் கேட்கின்றான். திறமை வினாவாக இருக்கவேண்டிய இடத்திற் பிறப்பு வினாவாகின்றது. வாய்மூடி நின்ற கர்ணனுக்கு அங்க நாட்டை அளித்துத் தோழமை கொண்டவன் துரியோதனன். அறத்தைப் பேசியவர்கள் அவமதித்தபோது, அறத்தைப் பேசாதவன் மதித்தான். இதன்பின் கர்ணன் எப்பக்கம் நிற்பான் என்று வியப்பதற்கு எதுவுமில்லை. பிரெற் ஹார்ற்றைக் கைவிட்ட பார்வையாளரைப் போலவே, கர்ணனை எதிர்ப்பக்கம் தள்ளியவர்களும் பின்னர் அவனைக் குற்றஞ்சாட்டும் நிலையில் இருந்தவர்களே.

இவ்வளவும் கர்ணனின் நியாயம். நமது பட்டிமண்டபங்கள் பெரும்பாலும் இத்துடன் நின்றுவிடுகின்றன. செஞ்சோற்றுக் கடன், கொடை, தாயின் புறக்கணிப்பு ஆகியன பேசப்பட்டு அவை உருகுகின்றது. 1964இல் வெளிவந்த 'கர்ணன்' திரைப்படமும் சிவாஜி கணேசனின் நடிப்பால் இவ்வுருக்கத்தையே நமது நினைவிற் பதித்தது. ஆயின் வியாசபாரதத்துக் கர்ணன், சூதாட்ட மண்டபத்திலே திரௌபதியை இழித்துப் பேசி, அவளது ஆடையைக் களையுமாறு கூறியவன். தனித்துப் போரிட்ட அபிமன்யுவைப் பலராகச் சூழ்ந்து வீழ்த்தியவருள் ஒருவன். களத்திற் குலங் கேட்கப்பட்ட அவமானத்துக்குத் திரௌபதி பொறுப்பல்லள். அபிமன்யு அன்று பிறக்கவுமில்லை. பட்ட காயம் உண்மையானது. அதற்குரிய விலை, காயப்படுத்தாதவரிடம் அறவிடப்பட்டது. இவ்விரண்டையும் ஒருசேரப் பார்க்கும்போதே கர்ணன் துன்பியல் நாயகன் ஆகின்றான். முதலாவதை மட்டும் பார்த்தால் அவன் புனிதன். இரண்டாவதை மட்டும் பார்த்தால் கயவன். புனிதனாலும் கயவனாலும் துன்பியல் பிறப்பதில்லை.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் பேராதனையிற் கூத்துகளை மீளமைத்தபோது 'கர்ணன் போர்', 'இராவணேசன்', 'வாலி வதை' ஆகியனவும் அவற்றுள் இடம்பெற்றமை தற்செயலானதாகத் தோன்றவில்லை. மூன்றும் எதிர்ப்பக்கத்தில் நின்று மடிந்தவரின் கதைகள். சி. மௌனகுரு இராவணனாக ஆடிய 'இராவணேசன்', இராவணனைத் துன்பியல் நாயகனாக நோக்கியது. அவனது பெருமையையும் அழிவையும் பிரிக்கவொண்ணாத ஒன்றாக அது கண்டது. பிழையைப் புகழ்வதும் பிழை செய்தவனைப் புரிந்துகொள்வதும் வேறு வேறானவை என்பதற்கு இம்மரபு சான்றாகும்.

இதே வினாவைக் கம்பன் இரு சகோதரர் வாயிலாக எழுப்புகின்றான். கும்பகருணனும் வீடணனும் அண்ணன் செய்தது பிழையென்றே கருதினர். இருவரும் அதை அவனிடம் எடுத்துக் கூறினர். ஒருவன் நின்றான், ஒருவன் நீங்கினான். போர்க்களத்தில் வீடணன் வந்து அழைத்தபோதும் கும்பகருணன் மறுத்துவிடுகின்றான். கம்பன் இருவரில் எவரையும் இழிவுபடுத்தவில்லை. நின்றவனின் அன்பும் நீங்கியவனின் அறிவும் ஒரே உரையாடலில் எதிரெதிரே நிற்கின்றன. இவ்வளவு நுண்மையான காட்சியைப் பெற்ற மொழியிலேயே, வழக்கிலோ வீடணன் என்ற பெயர் ஒரு வசையாகச் சுருங்கிவிட்டது. யாழ்ப்பாண வரலாற்றுக் கதைகளில் வரும் காக்கைவன்னியன் பெயரும் அவ்வாறே.

இது பெயர்களைப் பற்றிய சிறிய விடயமன்று. துரோகி என்னும் ஒரு சொல் இம்மண்ணில் மனித உயிர்களைப் பறித்தது. யார் நின்றார், யார் நீங்கினார், ஏன் நீங்கினார் என்ற வினாக்கள் கேட்கப்படுமுன்னரே தீர்ப்புகள் நிறைவேறின. அப்பெயர் சூட்டப்பட்டவருட் சிலருக்கு நியாயமிருந்தது, சிலருக்கு இருக்கவில்லை. வேறுசிலர் நியாயத்துடன் புறப்பட்டு அநியாயத்தில் முடிந்தனர். இவர்கள் எல்லோரையும் ஒரே சொல்லால் அழைத்த சமூகம், இன்று அவர்களைப் பற்றிப் பேசவே கூசுகின்றது. அவர்களுக்காகவும், அவர்களாற் பாதிக்கப்பட்டோருக்காகவும் நமக்கொரு நுண்மையான மொழி தேவை.

அம்மொழியைக் கலை பயிற்றுவிக்க முடியும் என்பதே இக்கட்டுரையின் துணிபு. நிலைமாறும் நாயகனைக் காணும்போது மூன்று வினாக்களைக் கேட்கலாம். அவன் மீறியது அறத்தையா, அன்றி அதிகாரத்தின் வசதியையா? அவனை மறுபக்கம் தள்ளியதில் நமது பங்கு யாது? அவன் பட்ட அநீதிக்கான விலையை யாரிடம் அறவிட்டான்? முதல் வினா காத்தவராயனை விடுவிக்கின்றது. இரண்டாவது, கைதட்டியும் கூச்சலிட்டும் தீர்ப்பளித்த நம்மையே விசாரிக்கின்றது. மூன்றாவது, கர்ணனை நேசித்துக்கொண்டே திரௌபதிக்கு நீதி கேட்கும் துணிவை அளிக்கின்றது.

பட்டிமண்டப நடுவர் ஒரு கட்சிக்குத் தீர்ப்பளித்தே ஆகவேண்டும். திறனாய்வாளனுக்கு அந்தக் கட்டாயமில்லை. நியாயம் ஒருவனை எதுவரை கொண்டுசென்றது, எவ்விடத்திலிருந்து அவன் அது இன்றியே நடந்தான் என்று அடையாளங் காட்டுவதே அவன் பணி. அவ்விடம் கூத்திலும் உண்டு, மற்போரிலும் உண்டு, நமது அண்மைக்கால வரலாற்றிலும் உண்டு. அதனைத் தேடப் பழகிய பார்வையாளர், இனியொருவரை நோக்கிக் கூச்சலிடுமுன் சற்றேனும் தாமதிப்பர்.