முதுகு காட்டியவள்

பொருநராற்றுப்படையில் பாடினியின் வர்ணனை கூந்தலில் தொடங்கிப் பாதத்தில் முடிகிறது. இடைக்கு வரும்போது வகுப்பில் சிரிப்பு எழும். இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத இடை. பல ஆண்டுகள் நானும் சிரித்தபடிதான் நடத்தினேன். 46 வயதில் என் கீழ்முதுகில் இரண்டு டைட்டானியத் தண்டுகளும் ஆறு திருகாணிகளும் ஏறிய பிறகுதான் ஒன்று கண்ணில் பட்டது. நெற்றி, புருவம், பல், விரல், நகம்கூட அந்தப் பட்டியலில் உண்டு. முதுகு இல்லை.

நம் பழம்பாட்டில் முதுகு அதிகமும் புறத்திணைக்குரியது, அங்கும் அவமானமாக. வெண்ணிப் போரில் பட்ட புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்தான் சேரமான் பெருஞ்சேரலாதன். அவனை மெச்சிப் பாடிய வெண்ணிக்குயத்தியார் ஒரு பெண். மண் பிசைகிற குலத்தில் பிறந்தவர். அவருடைய முதுகு எப்படி இருந்தது என்று யாரும் உரை எழுதவில்லை.

நம் கல்லூரிகளின் மகளிர் தினச் சுவரொட்டிகளில் தவறாமல் வருபவர் மெக்சிக ஓவியர் ஃப்ரீடா காலோ. அதிகம் பேசப்படுவது 1944இல் அவர் வரைந்த 'உடைந்த தூண்'. முதுகெலும்பு இருக்கவேண்டிய இடத்தில் நொறுங்கிய கல்தூண், உடலெங்கும் ஆணிகள், இறுக்கிக் கட்டிய வார்கள். பெரிய ஓவியம்தான். ஆனால் அதிலும் முதுகை முன்பக்கத்திலிருந்தே பார்க்கிறோம். மார்பும் முகமும் அழகாகவே இருக்கின்றன. வலி நமக்கு வசதியான பக்கமாகத் திரும்பி நிற்கிறது. இதைச் சொன்னால் என் தோழிகள் சண்டைக்கு வருவார்கள்.

எனக்கு நெருக்கமானது 1946இன் 'நம்பிக்கை மரம்'. அந்த ஆண்டு நியூயார்க்கில் அவருடைய முதுகெலும்புகளை இணைத்து அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகு வரைந்தார். இரண்டு ஃப்ரீடாக்கள். ஒருத்தி தள்ளுவண்டியில் நமக்கு முதுகு காட்டிக் கிடக்கிறாள். வெட்டுக்காயங்களிலிருந்து ரத்தம் கசிகிறது. மற்றவள் சிவப்பு உடையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். நோயாளி, பிறகு நலமடைந்தவள் என்று இதை வரிசைப்படுத்திப் படிப்பது எளிது. நான் அப்படிப் படிக்கமாட்டேன். உட்கார்ந்திருப்பவளின் கையில் இடுப்புக் கச்சை இருக்கிறது. வெட்டுப்பட்டவள் மேல் சூரியன், நிமிர்ந்தவள் மேல் நிலவு. ஒருத்தி போய் இன்னொருத்தி வரவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் இருக்கிறார்கள்.

உலோகத்தோடு வாழ்வதும் அப்படித்தான். திருகாணி தாங்குவது எலும்போடு எலும்பு ஒட்டும்வரைதான். அதற்கு மாதங்கள் ஆகும், சிலருக்கு ஓராண்டுகூட. ஒட்டிய பிறகும் பெரும்பாலும் அதை எடுப்பதில்லை. ஒட்டிய இடம் வளையாது. அது விட்ட வளைவையும் மேலுள்ள மூட்டு சேர்த்துச் செய்கிறது, சீக்கிரம் தேயவும் கூடும். ஃப்ரீடாவுக்கு வலி தீரவில்லை. 1950இல் மீண்டும் மீண்டும் அவர் முதுகைத் திறந்தார்கள்.

எனக்கு நடக்க முடிகிறது. விழுந்த சாக்பீஸை எடுக்கக் குந்தி உட்கார்ந்து எழவேண்டும். "பார்த்தா ஒண்ணுமே தெரியலையே மேடம்" என்கிறார்கள் சக ஆசிரியைகள், பாராட்டாகத்தான்.

தெரியும். ரவிக்கைக்கும் கொசுவத்துக்கும் நடுவில் தழும்பின் மேல்பாதி தெரியும். முதல் ஆண்டு முழுக்க முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டுதான் கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். இந்தப் பருவத்தில் செருகவில்லை. பாடினியை அடுத்த வாரம் நடத்தவேண்டும்.