மன்னிப்பு வந்தது, மறவன் அறியவில்லை!

ஷேக்ஸ்பியரின் 'நான்காம் ஹென்றி' முதற்பாகத்தைப் பற்றிப் பேசப் புகுவோர், பெரும்பாலும் பால்ஸ்டாப்பின் பருத்த வயிற்றில் தொடங்கி, அந்த வயிற்றிலேயே முடித்தும் விடுகின்றனர். குடியும் கும்மாளமுமாகத் திரியும் அந்தக் கிழவன் தரும் நகைச்சுவை கொழுத்த சுவைதான், மறுப்பார் யார்? ஆனால் அதே நாடகத்தில், ஐந்தாம் அங்கம் இரண்டாம் காட்சித் தொடக்கத்தில், இருவர் தமக்குள் பேசிக்கொள்ளும் சிறு பேச்சொன்று உண்டு. முப்பது வரிக்குள் அடங்கிவிடும். ஒரு படை முழுவதன் உயிரும் அந்த முப்பது வரியில் ஊசலாடுகிறது. ஊசலாடி, அறுந்து விழுகிறது. அந்தப் பேச்சைப் பற்றித்தான் நாம் இங்கே எழுதப் புகுகிறோம்.

முன்கதையைச் சுருங்கச் சொல்லிவிடுவோம். 1399ஆம் ஆண்டு, நாடு கடத்தப்பட்டிருந்த லங்காஸ்டர் கோமகன் ஹென்றி இங்கிலாந்துக்குத் திரும்பினான். பறிபோன என் குடும்பச் சொத்தைக் கேட்கத்தான் வந்தேன், வேறொன்றும் வேண்டேன் என்றானாம். கேட்டது சொத்து, எடுத்தது முடி! இரண்டாம் ரிச்சர்டு சிறை புகுந்தான். ஹென்றி அரியணை ஏறினான். ஏறுவதற்கு ஏணியாக நின்றவர்கள் வடபுலத்துப் பெர்சி குடும்பத்தார். ஏறியவனுக்கும் ஏணிக்கும் உறவு எத்தனை நாளைக்கு நிலைக்கும்? நான்கே ஆண்டுகளில் பெர்சிகள் வாளுருவினர். 1403 ஜூலை 21ஆம் நாள், ஷ்ரூஸ்பரி நகருக்கு அருகே இரு படைகளும் எதிரெதிர் நின்றன. ஒருபுறம் மன்னன். மறுபுறம், 'ஹாட்ஸ்பர்' என்று பெயர் பெற்ற இளைய பெர்சியும், அவன் சிற்றப்பன் வூஸ்டர் பிரபுவும்.

போருக்கு முன் மன்னன் மன்னிப்பை நீட்டுகிறான்; ஒருமுறை அல்ல, இருமுறை. முதலில் சர் வால்ட்டர் பிளன்ட் தூது வருகிறான். உங்கள் குறை என்ன, கூறுங்கள், தீர்த்து வைக்கப்படும், உமக்கும் உம்மால் வழிதவறியோர்க்கும் முழு மன்னிப்பு உண்டு என்கிறான். ஹாட்ஸ்பர் சீறுகிறான், பழங்கதை முழுவதையும் கொட்டித் தீர்க்கிறான். ஆனால் முடிவில் என்ன சொல்கிறான் என்று பாருங்கள். இதுவே எம் விடை என்று கொள்ளாதே, காலையில் சிற்றப்பன் வருவார் என்கிறான். ஏற்றாலும் ஏற்போம் என்று பொருள்படும் ஒரு சொல்லையும் சேர்த்தே அனுப்புகிறான். சினமே உருவானவன் என்று எல்லோரும் ஏசும் அந்த இளைஞன், கதவைச் சாத்தவில்லை. சற்றே திறந்து வைத்திருக்கிறான்.

விடிகிறது. வூஸ்டர், வெர்னன் என்பானுடன் மன்னன் முன் சென்று நிற்கிறான். இளவரசன் ஹால் எழுந்து, இத்தனை பேர் குருதி ஏன் சிந்த வேண்டும், நானும் ஹாட்ஸ்பரும் தனித்துப் பொருது தீர்த்துக்கொள்கிறோம் என்கிறான். மன்னனோ, எம் மக்களை நேசிக்கிறோம், உம் பக்கம் வழிதவறிச் சென்றவர்களையும் நேசிக்கிறோம், ஏற்றுக்கொண்டால் அவனும் நீங்களும் ஏனைய ஒவ்வொருவனும் எம் நண்பரே என்கிறான். நன்று. ஆனால் தூதர் முதுகு மறைந்ததும், இதை ஏற்கமாட்டார்கள் என்கிறான் மகன். ஆம், அவரவர் படைக்குச் செல்க என்று ஆணையிடுகிறான் தந்தை. நீட்டிய கை நீண்டிருக்கும்போதே, மறுகை வாளுறையைத் தடவுகிறது!

இப்போது அந்த முப்பது வரி. திரும்பும் வழியில் வூஸ்டர் கூறுகிறான்: மன்னன் மன்னிக்க முன்வந்த செய்தி ஹாட்ஸ்பருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் நல்லதல்லவோ என்கிறான் வெர்னன். வூஸ்டரின் கணக்கு இது: மன்னன் இன்று மன்னித்தாலும் என்றும் நம்பமாட்டான், நரியை எத்துணை அன்பாய் வளர்த்தாலும் நரி என்றே பார்ப்பர், நாம் சிரித்தாலும் சூது, அழுதாலும் சூது என்பர். ஹாட்ஸ்பர் இளைஞன், பதறியவன் என்று அவன் பிழை மறக்கப்படும். முதியோராகிய நம் தலைதான் உருளும். வெர்னன் என்ன செய்தான்? நீர் எதைச் சொன்னாலும் ஆமென்பேன் என்றான். அவ்வளவே. பிணையாக வைக்கப்பட்டிருந்த வெஸ்ட்மர்லாந்துப் பிரபுவை ஹாட்ஸ்பர் விடுவித்து, போர் அறைகூவலை அவனிடமே சொல்லியனுப்புகிறான். முரசு முழங்குகிறது.

இந்தக் காட்சிக்கு உரை கூறுவோர் இரு கட்சியினர். மன்னன் பெருந்தன்மையின் உருவம், வூஸ்டர் வஞ்சகத்தின் வடிவம் என்பார் ஒரு சாரார். மன்னன் நீட்டியதே பொய்க்கை, வூஸ்டர் அதைக் கண்டுகொண்டான் என்பார் மறுசாரார். இரண்டிலும் நமக்கு நிறைவில்லை. வூஸ்டரின் அச்சத்தில் பொருள் இருக்கிறது. அவன் செயலில் அறம் இல்லை. தன் கழுத்தைப் பற்றி அஞ்சியவன், பிறர் கழுத்துகளைக் கேளாமலே அடகு வைத்தான். ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்யும் உரிமை அவனுக்கு மட்டுமா? சாகப்போகிறவனுக்கு அதில் பங்கில்லையா?

இங்கே மன்னனையும் கேட்க வேண்டியது ஒன்றுண்டு. கிளர்ச்சிக்காரர் தம் குறைகளைச் சந்தைச் சிலுவைகளில் நின்று அறிவித்தார்கள், கோயில்களில் படித்தார்கள் என்று அவனே குறைபட்டுக்கொள்கிறான். ஆக, ஊரறிய உரைப்பது எப்படி என்பது அந்நாட்டில் தெரியாத கலையன்று. குறை சந்தையில் ஒலித்தது. மன்னிப்பு மட்டும் ஏன் கூடாரத்துக்குள் முணுமுணுக்கப்பட்டது? ஒவ்வொருவனும் நண்பன் என்ற சொல், அந்த ஒவ்வொருவனுக்கும் கேட்கும்படி, எதிர்ப்படையின் முன்னே எக்காளம் ஊதிச் சொல்லப்பட்டிருந்தால்? வேலேந்தி நின்ற உழவன் மகன், எனக்கும் மன்னிப்பாமே என்று வேலைக் கீழே வைத்திருக்கமாட்டானா? மன்னனுக்கு அது தோன்றவில்லை. பிரபுவுக்குச் சொன்னால் பிரபுவின் ஆட்களுக்குச் சொன்னதாகவே பொருள் என்பது அக்கால வழக்கு. மக்களுக்கு வாயும் பிரபுவே, செவியும் பிரபுவே! அந்தச் செவி ஒன்று அடைத்துக்கொண்டதால்தான் அத்தனை உயிர்கள் போயின.

போர் முடிகிறது. ஹாட்ஸ்பர் மாண்டான், மன்னன் உடை தரித்து நின்ற பிளன்டும் மாண்டான். பிடிபட்ட வூஸ்டரை நோக்கி மன்னன் கேட்கிறான்: அருளை அனுப்பினோமே, அதை நீ திரித்துரைத்தாயே? இவ்விடத்தில் நமக்கு ஓர் ஐயம். வூஸ்டர் மறைத்தது வூஸ்டருக்கும் வெர்னனுக்குமே தெரியும். மன்னனுக்கு யார் சொன்னார்? மேடையில் யாரும் சொல்லக் காணோம். சொன்னவர் ஹாலின்ஷெட்! அவருடைய வரலாற்று நூலிலிருந்தே, 1587 பதிப்பிலிருந்தே, ஷேக்ஸ்பியர் இந்தக் கதையை எடுத்தார். மன்னன் கூறியதற்கு நேர்மாறாக வூஸ்டர் கூறினான் என்பது அந்நூல் தரும் செய்தி. தூது போனவர் ஷ்ரூஸ்பரி மடத்துத் தலைவர் என்றும் அது கூறுகிறது. அவரை நீக்கிப் பிளன்டை அனுப்பியது நாடகாசிரியர் கைவண்ணம். வென்றவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதப்பட்ட வரலாறு, தோற்றவனைத் திரித்தவன் என்கிறது. 1403 ஜூலை 23ஆம் நாள் வூஸ்டரின் தலை வெட்டப்பட்டுவிட்டது. அவன் பக்கத்துக் கதையைக் கேட்க வழியில்லை.

ஆனால் ஷேக்ஸ்பியர் வரலாற்றாசிரியரின் எடுபிடி அல்லர். முதற்பாகத்தில் மன்னனை வெல்லவிட்டவர், இரண்டாம் பாகத்தில் அந்த மன்னிப்பின் முகமூடியைத் தாமே கழற்றுகிறார். கால்ட்ரீ காட்டில் மீண்டும் ஒரு கிளர்ச்சிப்படை நிற்கிறது. தலைவர், யார்க் பேராயர். மன்னன் மகன் ஜான், குறைகள் அனைத்தும் விரைந்து தீர்க்கப்படும் என்று தன் குருதியின் பெருமை மீது ஆணையிடுகிறான். மது அருந்துகிறார்கள், தழுவிக்கொள்கிறார்கள். பேராயரின் படை கலைந்து, பள்ளி விட்ட பிள்ளைகளைப் போல் வீடு நோக்கி ஓடுகிறது. அரசன் படையோ அசையாமல் நிற்கிறது. உடனே தலைவர்களைக் கைது செய்கிறான் ஜான். இதுவா உன் வாக்கு என்றால், குறைகளைத் தீர்ப்பேன் என்றேனே தவிர உங்களை விடுவிப்பேன் என்றேனா என்கிறான்! வழக்கறிஞன் தோற்றான். அதோடு நின்றானா? சிதறி ஓடுவோரைத் துரத்துங்கள் என்றும் ஆணையிடுகிறான். வீட்டுக்குப் போகிறோம் என்று மகிழ்ந்து ஓடிய அந்த மக்களின் முதுகில் வேல் பாய்கிறது; வென்றது நாமல்ல, கடவுள் என்கிறான் இளவரசன். கடவுள் பெயர் எங்கெங்கெல்லாம் பயன்படுகிறது பாருங்கள்!

வரலாற்றில், 1405இல், அந்தச் சூழ்ச்சியைச் செய்தவன் வெஸ்ட்மர்லாந்து என்பர். பேராயர் ஸ்க்ரோப் ஜூன் 8ஆம் நாள் யார்க் நகருக்கு வெளியே வெட்டுண்டார். வூஸ்டரின் நரிக் கணக்கை இந்த இரண்டாம் பாகத்தின் பக்கத்தில் வைத்துப் படித்தால், அது வெறும் வஞ்சகன் புலம்பலாகத் தோன்றாது.

நாடகம் 1598இல் அச்சேறியது. அன்று பார்த்த இலண்டன் மக்களுக்கு இவையெல்லாம் பழங்கதை அல்ல. 1536இல் எட்டாம் ஹென்றியின் சார்பில் டான்காஸ்டரில் மன்னிப்பு வாக்களிக்கப்பட்டது. நம்பிய ராபர்ட் ஆஸ்க், மறு ஆண்டில் மீண்டும் கலகம் எழுந்ததைச் சாக்காகக் கொண்டு யார்க் நகரில் தூக்கிலிடப்பட்டார். 1569இல் வடபுலம் எலிசபெத்தை எதிர்த்து எழுந்தது. எழுந்த பிரபுக்களில் ஒருவர் அதே பெர்சி குடும்பத்தவர்; அவர் தலை விழுந்தது 1572இல். ஆனால் எளிய மக்கள் நூற்றுக்கணக்கில் தூக்குமரம் ஏறியது அதற்கு முன்பே. கலகம் செய்வது பாவம் என்று கோயில்தோறும் படிக்க நீண்டதோர் உபதேசமும் அச்சிடப்பட்டது. அந்த உபதேசத்தைக் கேட்ட காதுகளே இந்நாடகத்தையும் கேட்டன.

இன்னும் பின்னே போனால் 1381. உழவர் திரண்டு இலண்டனுக்குள் புகுந்தபோது, பதினான்கு வயது ரிச்சர்டு மைல் எண்ட் வெளியில் அடிமைத்தளை அறுக்கும் பட்டயங்களை எழுதித் தந்தான். ஜூன் 14இல் தந்ததை ஜூலை 2இல் திரும்பப் பெற்றான். அந்நாளில் இலண்டன் கோட்டைக்குள் சிக்கிய சிறுவர்களில் ஒருவன் நம் ஹென்றி! ஜான் பெரர் என்ற ஒருவன் அவனைக் காப்பாற்றினான். 1400இல் அதே பெரர், மன்னனான ஹென்றிக்கு எதிரான கலகத்தில் அகப்பட்டான்; பழைய நன்றிக்காக மன்னிக்கப்பட்டான். நல்லதுதான். ஆனால் மன்னனின் உயிரைக் காக்கும் வாய்ப்புக் கிடைக்காத ஏனையோர் என் செய்வர்? மன்னிப்பு ஒருவன் நெஞ்சின் ஈரமாக மட்டும் இருக்கும்வரை, அது கடன் தீர்க்கும் காசாகவோ, காலம் கடத்தும் தந்திரமாகவோதான் இருக்க முடிந்தது. அதைக் காக்கச் சட்டமில்லை, கேட்க மன்றமில்லை.

ஷேக்ஸ்பியர் மீது நமக்குள்ள குறை இதுதான்: இவ்வளவையும் கண்டவர், ஷ்ரூஸ்பரிக் களத்தில் ஒரு சாதாரணப் போர்மறவன் வாயைத் திறக்கவிடவில்லை. 1599 அளவில் எழுதிய 'ஐந்தாம் ஹென்றி'யில் வில்லியம்ஸ் என்ற மறவன், வழக்கு நேர்மையற்றதாயின் வெட்டுண்ட கைகால்களுக்கெல்லாம் மன்னனே கணக்குச் சொல்ல வேண்டும் என்று முகத்துக்கு நேரே பேசுகிறான். இங்கே அப்படி ஒருவன் இல்லை. டக்ளஸ் என்ற ஸ்காட்லாந்துப் பிரபு, வீரன் என்பதற்காக, மீட்புப் பணமும் இன்றி விடுவிக்கப்படுகிறான். பெயரில்லாதவனுக்கோ பேச்சும் இல்லை.

அவர்களைப் பற்றிய செய்தி நமக்குக் கிடைப்பது, வேடிக்கை என்று நாம் ஒதுக்கிவிடும் பால்ஸ்டாப்பிடமிருந்துதான். காசு கொடுக்க முடிந்தவர்களை விட்டுவிட்டு, கந்தல் கட்டியவர்களைத் திரட்டிப் படை சேர்த்தவன் அவன். குழியை நிரப்ப இவர்கள் போதும் என்று இளவரசனிடமே சொன்னவன். அவர்கள் மன்னன் பக்கத்தவர், மன்னிப்பே தேவைப்படாதவர்கள்! களத்தின் நடுவே அவன் கணக்குக் கொடுக்கிறான்: நூற்றைம்பது பேரில் மூவர்கூட மிஞ்சவில்லை. மிஞ்சியோர் ஊர் எல்லையில் உட்கார்ந்து ஆயுள் முழுதும் பிச்சையெடுக்க வேண்டியவர்கள்.