ரோஜர்ஸின் அரைமணி நேரம்

உளவியல் மாணவர்களுக்கு இன்றும் பல நாடுகளில் போட்டுக் காட்டுகிற பழைய படம் ஒன்று உண்டு. 1964-இல் எடுத்தது. எவரெட் ஷாஸ்ட்ராம் என்ற அமெரிக்க உளவியலாளர், அன்றைக்குப் பெரிய பெயர்களாக இருந்த மூன்று பேரை ஒரே பெண்ணோடு தனித்தனியே பேச வைத்துப் படம்பிடித்தார். கார்ல் ரோஜர்ஸ், ஃபிரிட்ஸ் பெர்ல்ஸ், ஆல்பர்ட் எல்லிஸ். அந்தப் பெண் குளோரியா. முப்பது வயதையொட்டியவர், விவாகரத்தானவர். பெர்ல்ஸ் அவரைச் சீண்டுகிறார், நடிப்பு என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். எல்லிஸ் மூச்சுவிடாமல் பாடம் நடத்துகிறார். பார்க்கச் சுவாரசியம் அந்த இரண்டும்தான். ஆனால் நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது ரோஜர்ஸின் பகுதியை. மேலோட்டமாகப் பார்த்தால் அதில் ஒன்றுமே நடக்காது.

நமக்கு அரைமணி நேரம் இருக்கிறது, இதில் என்ன செய்ய முடியும் என்று எனக்குத் தெரியவில்லை, ஏதாவது செய்வோம் என்கிற தொனியில் ஆரம்பிக்கிறார். படபடப்போடு வந்த குளோரியா, இந்தத் தாழ்ந்த குரல் எனக்கு இதமாக இருக்கிறது என்று அப்போதே சொல்லிவிடுகிறார். பிறகு விஷயத்துக்கு வருகிறார். விவாகரத்துக்குப் பிறகு வேறு ஆணோடு உறவு இருந்ததா என்று ஒன்பது வயது மகள் கேட்டிருக்கிறாள். இவர் இல்லையென்று பொய் சொல்லிவிட்டார். உண்மையைச் சொன்னால் பிள்ளை மனம் கெட்டுப்போகுமோ என்று பயம். பொய்யோ உள்ளே அரித்துக்கொண்டே இருக்கிறது. நீங்கள் சொல்லுங்கள், நான் என்ன செய்ய?

இந்த இடத்தில் நம்மில் எத்தனை பேரால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியும்? பெரியப்பா ஒன்று சொல்வார், பக்கத்து வீட்டு அக்கா ஒன்று சொல்வார், படித்த மருத்துவர் இன்னொன்று சொல்வார். ரோஜர்ஸ் சொல்வதில்லை. சொல்ல முடிந்தால் நன்றாக இருக்குமே என்று ஆசையை மட்டும் ஒப்புக்கொள்கிறார். இப்படித்தான் சொல்வீர்கள் என்று பயந்தேன் என்கிறார் குளோரியா. அந்த ஏமாற்றத்தையும் ரோஜர்ஸ் தள்ளிவிடவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. இவ்வளவு அந்தரங்கமான ஒன்றுக்கு உங்களுக்காக நான் பதில் சொல்ல முடியாது, நீங்கள் உங்கள் பதிலுக்குப் போய்ச் சேர என்னால் ஆனமட்டும் உதவுகிறேன் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். குளோரியா வேறு வாசல் வழியாக அதே கேள்வியோடு திரும்பி வருகிறார். மறுபடியும் அதே பொறுமை. கொஞ்சம் கொஞ்சமாகக் கேள்வியின் முகம் மாறுகிறது. தன் ஆசைகளைத் தானே ஏற்றுக்கொள்ளாத ஒருத்தி, மகளிடம் ஏற்பை எப்படிக் கேட்பது? ரோஜர்ஸ் பதில் கொடுத்திருந்தால் இந்த இடத்துக்கு அவர் வந்திருக்கவே மாட்டார்.

கேட்டதையே திருப்பிச் சொல்கிறார், கிளிப்பிள்ளை வித்தை என்று ரோஜர்ஸைக் கேலி செய்தவர்கள் நிறைய. 1966-இல் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஜோசப் வைசன்பாம் எழுதிய எலிசா என்ற கணினி நிரலின் புகழ்பெற்ற வடிவம், இந்தப் பாணியைத்தான் நையாண்டி செய்தது. கேலியில் பாதி நியாயம் உண்டு. ரோஜர்ஸைப் படித்துவிட்டு வந்த சுமாரான கவுன்சலர்கள் அப்படித்தான் பேசினார்கள். ஆனால் கச்சேரியில் வயலின்காரரைக் கவனியுங்கள். பாடகர் விட்ட பிடியை வாங்கி அச்சாக அப்படியே வாசித்தால் சலிக்கும். தன் வித்தையைக் காட்டப் போனால் பாடகர் தடம் மாறிவிடுவார். பாடினவருக்கே தன் பாட்டு இன்னும் துலக்கமாகக் கேட்கும்படி வாசிக்கிறவர்கள் சிலர்தான். ரோஜர்ஸ் அந்தச் சிலரில் ஒருவர். குளோரியா குற்ற உணர்ச்சி என்கிறார்; ரோஜர்ஸ் அதை வாங்கி, அதன் அடியில் இருக்கிற, அவர் இன்னும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றை அரை அடி மட்டும் வெளியே இழுக்கிறார். சரியாக இருந்தால் குளோரியா பிடித்துக்கொள்கிறார். இல்லையென்றால் திருத்துகிறார். திருத்தப்படுவதில் ரோஜர்ஸுக்கு ஒரு சங்கடமும் இல்லை.

இந்த அடக்கம் பிறவியிலேயே வந்ததல்ல. ரோச்செஸ்டர் நகரில் குழந்தைகளோடு பன்னிரண்டு ஆண்டு வேலை பார்த்தவர் அவர். அங்கே ஒரு சிறுவனின் தொல்லைக்குக் காரணம் தாயின் வெறுப்புதான் என்று முடிவுகட்டி, அந்தத் தாய்க்கு அதைப் பக்குவமாகப் புரியவைக்கப் பார்த்தார். பலிக்கவில்லை. கைவிட்டுவிடலாம் என்று இருவரும் பேசி முடித்த பிறகு, வாசல்வரை போன அந்தத் தாய் திரும்பி, இங்கே பெரியவர்களையும் பார்ப்பீர்களா என்று கேட்டார். வந்து உட்கார்ந்து தன் இல்லற வேதனையைக் கொட்டினார். அதுவரை ரோஜர்ஸ் குறித்து வைத்திருந்த வரலாற்றில் இல்லாத கதை அது. எங்கே வலிக்கிறது என்று வந்தவருக்குத்தான் தெரியும் என்ற ரோஜர்ஸின் நம்பிக்கைக்கு இதுவும் ஒரு விதை.

அதோடு, தன் வேலையைத் தானே ஒட்டுக்கேட்டவர் அவர். 1942-இல் வெளியிட்ட நூலில், ஒருவரோடு நடந்த எட்டுச் சந்திப்புகளையும் இசைத்தட்டில் பதிந்து, சொல்லுக்குச் சொல் அச்சிட்டார். சிகிச்சை அறையின் கதவை அப்படித் திறந்து வைக்க அன்று எத்தனை பேருக்குத் தைரியம் இருந்தது?

படத்தின் கடைசிப் பகுதி பற்றி எனக்கு ஒரு தயக்கம் உண்டு. தன் தந்தை தன்னைக் காதுகொடுத்துக் கேட்டதேயில்லை என்று பேசிக்கொண்டு வந்த குளோரியா, நீங்கள் என் அப்பாவாக இருந்தால் நன்றாயிருக்கும் என்கிறார். நல்ல மகளாகத்தான் தெரிகிறீர்கள் என்று ரோஜர்ஸும் சொல்லிவிடுகிறார். பிராய்டின் வழிவந்தவர்கள் இதைக் குறையாகச் சொன்னார்கள்: தந்தைமீதான ஏக்கம் தன்மேல் திரும்புகிறபோது அதை ஆராயாமல் ஏற்றுக்கொண்டாரே என்று. எனக்கும் ஆரம்பத்தில் உறுத்தியது. இப்போது உறுத்தவில்லை. ஆராய்வதற்கு அந்த அரைமணியில் இடமில்லை. பொய்யான பதில் ஒன்றைச் சொல்லி மழுப்புவது ரோஜர்ஸுக்கு வராது. மனத்தில் பட்டதைச் சொன்னார்.

மூன்று பேரில் யார் உதவினார் என்று கேட்டபோது, படத்தின் முடிவில் குளோரியா சொன்ன பெயர் பெர்ல்ஸ். ரோஜர்ஸ் பக்தர்கள் இதைப் பேசுவதில்லை. ஆனால் பின்னாளில் ஆண்டுக்கணக்கில் கடிதத் தொடர்பு இருந்தது ரோஜர்ஸோடுதான். 1979-இல் குளோரியா மறையும்வரை அந்த உறவு அறுபடவில்லை.

படம் இணையத்தில் கிடைக்கிறது. மூன்றையும் ஒரே மூச்சில் பார்க்காதீர்கள். ரோஜர்ஸை மட்டும் ஒரு மாலையில் பாருங்கள். குளோரியா கேள்வி கேட்கிற ஒவ்வொரு இடத்திலும் படத்தை நிறுத்தி, நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று யோசித்துவிட்டுப் பிறகு ஓடவிடுங்கள்.