வேகத்தின் காலப்பிரமாணம்

ஹார்ட்கோர் பங்க் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருபவை வேகமும் கூச்சலும்தான். கேட்டுப் பழகிய காதுக்கோ அந்த வேகத்துக்குள் நிற்கும் காலப்பிரமாணமே முதலில் புலப்படும். 1970களின் இறுதியில் அமெரிக்க நகரங்களின் இளைஞர்கள் பங்க் இசையை இன்னும் சுருக்கி, இறுக்கி, விரைவாக்கியபோது பிறந்தது இந்த மரபு. இதை மதிப்பிட எனக்கு இரண்டு அளவுகோல்கள் போதும். எந்த வேகத்திலும் குழுவினர் சேர்ந்து நிற்கிறார்களா? மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவே இடைவெளி இல்லாமல் இருக்கிறதா?

முதலாவதில் வாஷிங்டனின் பேட் பிரெயின்ஸை விஞ்ச ஆளில்லை. கறுப்பின இளைஞர்கள் நால்வர்; ‘மைண்ட் பவர்’ என்ற பெயரில் ஜாஸ் ஃபியூஷன் வாசித்துவிட்டுத்தான் பங்க் பக்கம் திரும்பினார்கள். அந்தச் சாதகம் ‘பே டு கம்’ (1980) இசைத்தட்டில் அப்படியே கேட்கிறது. ஏறக்குறைய ஒன்றரை நிமிடப் பாட்டு. டாக்டர் நோவின் கிட்டார் வெட்டித் திரும்பும் இடங்களில் டேரில் ஜெனிஃபரின் பேஸும் ஏர்ல் ஹட்சனின் டிரம்ஸும் மயிரிழை பிசகுவதில்லை. எச்.ஆரின் குரல் அலறும், கொஞ்சும், சட்டென்று மேல் ஸ்தாயிக்குத் தாவும். ரஸ்தஃபாரி நெறியைத் தழுவிய இவர்கள், 1982இல் ஒலிநாடாவாக வந்த முதல் ஆல்பத்தில் ரெகே பாடல்களையும் இடையிடையே வைத்தார்கள். அந்த நிதானத்தைக் கேட்ட பிறகு அடுத்த பாட்டு தொடங்கும்போது உடம்பே நிமிர்ந்துவிடும்.

இவர்களைப் பார்த்துக் கற்றவர்கள் அதே ஊரின் மைனர் த்ரெட். இயன் மக்கே கத்தினாலும் சொற்கள் சிதைவதில்லை. அதுவே அவருடைய பலம். குடியும் போதையும் வேண்டாம் என்ற ‘ஸ்ட்ரெய்ட் எட்ஜ்’ (1981) ஒரு நிமிடம்கூட ஓடாது. ஆனால் ஒரு வாழ்க்கை நெறிக்கே பெயர் தந்துவிட்டது. டீன் ஐடில்ஸ் என்ற மக்கேயின் முந்தைய குழு கச்சேரிகளில் சேர்த்த பணத்தைப் போட்டுத்தான் அவருடைய டிஸ்கார்ட் நிறுவனம் தன் முதல் இசைத்தட்டை வெளியிட்டது. உறைகளைத் தாங்களே வெட்டி, மடித்து, ஒட்டினார்கள்.

கலிஃபோர்னியாவின் பிளாக் ஃபிளாக் வேறு பாணி. கிரெக் கின்னின் கிட்டார் சுருதியை உரசிக்கொண்டே போகும். அந்த உரசலில்தான் ‘டேமேஜ்ட்’ (1981) ஆல்பத்தின் உளைச்சல் இருக்கிறது. அசராமல் மணிக்கணக்கில் ஒத்திகை பார்த்த குழு அது. ‘மை வார்’ (1984) ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தை ஊர்ந்து செல்லும் மூன்று நீண்ட பாடல்களால் நிரப்பினார்கள். வேகம் மட்டுமே இலக்கணம் என்று நம்பிய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். இந்த மரபின் துணிச்சலான முடிவுகளில் ஒன்று அது என்பேன்.

பிரிட்டனில் டிஸ்சார்ஜ் ஊன்றிய டிரம்ஸ் நடை ஸ்வீடன், ஜப்பான் வரை பரவியது. நியூயார்க்கில் அக்னாஸ்டிக் ஃப்ரண்டும் க்ரோ-மாக்ஸும் மெட்டல் இசையின் கனத்தைச் சேர்த்தார்கள். க்ரோ-மாக்ஸின் ‘ஏஜ் ஆஃப் குவாரல்’ (1986) ஹரே கிருஷ்ண இயக்கத்தின் தாக்கத்தில் பிறந்தது; தலைப்பே கலியுகத்தைத்தான் குறிக்கிறது.

இரண்டாவது அளவுகோலில் பெரிய குழுக்களும் சறுக்கியதுண்டு. ஒலிவாங்கியைக் கூட்டம் பிடுங்கிப் பாடுவதும், மேடையிலிருந்து குதிப்பவரைக் கைகள் தாங்குவதும் இந்த இசையின் உயிர். அதே இடத்தில் அடிதடி புகுந்தபோது பெண்களும் சிறுவர்களும் ஓரத்துக்குத் தள்ளப்பட்டார்கள். இதை மழுப்பக் கூடாது. 1987இல் மேடையேறிய மக்கேயின் ஃபுகாஸி இதற்கு நேரே பதில் சொன்னது: எல்லா வயதினருக்கும் அனுமதி, பெரும்பாலும் ஐந்து டாலர் கட்டணம். கூட்டத்தில் யாராவது அடித்தால் பாட்டை நிறுத்துவார்கள். அடங்காதவரிடம் ஐந்து டாலரைத் திருப்பிக் கொடுத்து வெளியே அனுப்புவார்கள். இசை வேறாக மாறியிருந்தும், ஹார்ட்கோரின் அறத்தை முழுமையாகக் காத்தவர்கள் அவர்களே.

புதிதாகக் கேட்க வருபவர்கள் பேட் பிரெயின்ஸின் 1982 ஆல்பத்திலிருந்து தொடங்குங்கள். முதல் முறை டிரம்ஸை மட்டும் பின்தொடருங்கள், பிறகு பேஸை. ஒலியைக் குறைக்க வேண்டாம்.