லோடு வேனில் வந்த ஜாவா

சினிமா, புத்தகம், கச்சேரி இந்த மூன்றுக்குத்தான் விமர்சனம் எழுத வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. எனவே இந்த வாரம் ஒரு மோட்டார் சைக்கிளுக்கு விமர்சனம்.

1968-ம் வருஷத்து ஜாவா 250. நண்பருடைய அப்பாவின் வண்டி. அவர் போனபின் மாட்டுக்கொட்டகையில் பல வருஷம் கோழி அடைந்து கிடந்ததை எடுத்து, இரண்டு வருஷம் மெனக்கெட்டுப் புதுப்பித்திருக்கிறார். "தாமல் ஏரிக்கரைக்கு வந்துடுங்க சார். காலை வெயில்ல பார்க்கணும்" என்றார்.

பெங்களூர் போகும்போது தாமலை நீங்கள் பலமுறை தாண்டியிருப்பீர்கள். காஞ்சிபுரத்துக்கு மேற்கே, வாலாஜாவுக்கு முன்னால், அந்தக் காலத்து நான்காம் எண் நெடுஞ்சாலையில் (இப்போது 48). பெரிய ஏரி, பழைய வராகீஸ்வரர் கோயில், தறிச் சத்தம். ஆறரை மணிக்குப் போய் நின்றேன். ஜாவா வந்தது. டாடா ஏஸில், அடியில் மெத்தை போட்டு, நாலு பக்கமும் கயிறு கட்டி.

"ஓட்டிக்கிட்டு வரலியா?"

"ஐயோ, தூசி படும் சார்."

நாற்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்காக ஒரு சின்னக் குறிப்பு. இன்று ஷோரூமில் பார்க்கிற ஜாவா 2018-ல் மறுபிறவி எடுத்தது. இது அசல். செக்கோஸ்லோவாக்கியா ஜாதகம், மைசூரில் பிரசவம். ஐடியல் ஜாவா கம்பெனி 1960-களில் அங்கே செய்ய ஆரம்பித்தது. எழுபதுகளில் யெஸ்டி என்று பெயரை மாற்றிக்கொண்டது. 1996-ல் ஆலையை மூடிவிட்டார்கள். ஒரு சிலிண்டர், இரண்டு சைலன்சர். உதைக்கிற லீவரும் கியர் லீவரும் ஒன்றேதான். உதைத்துவிட்டு அதையே முன்னால் சாய்த்துக் கியர் போட வேண்டும். கியரை மிதித்தால் கிளட்ச் தானாக விலகிக்கொடுக்கும். இதைச் சொன்னால் என் அக்கா பையன் நான் கதை விடுகிறேன் என்கிறான்.

சரி, விமர்சனம். முதல் பார்வைக்கு அசந்துதான் போனேன். மெரூன் நிறம் கண்ணாடி மாதிரி. குரோமியத்தில் ஏரியே தெரிகிறது. சீட், ரப்பர், கேபிள் எல்லாம் புதுசு. புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் அலைந்து சேர்த்த ஒவ்வொரு நட்டுக்கும் நண்பரிடம் ஒரு கதை இருக்கிறது. உழைப்புக்கு நூற்றுக்கு நூறு.

ஆனால், டாங்க்கின் இடது பக்கம் ஒரு பள்ளம் இருக்கும். நண்பருக்கு எட்டு வயதில், அவரை முன்னால் உட்காரவைத்து ஓட்டும்போது அப்பா விழுந்த இடம். காலேஜில் படிக்கும்போது எங்களுக்கு அதைத் தொட்டுக் காட்டியிருக்கிறார். இப்போது அதைக் காணோம். பட்டி பார்த்து மூடிவிட்டார்கள். அடுத்தது கோடு. பழைய டாங்க்கில் தங்கக் கோடு ஓர் இடத்தில் லேசாகக் கோணியிருந்தது எனக்கு ஞாபகம். புல்லட் டாங்க்கில் திருவொற்றியூர் ஆலையில் பிரஷ்ஷைப் பிடித்து ஸ்கேல் வைக்காமல் ஒரே இழுப்பில் இழுப்பார்கள். உயிருள்ள கோடு, ஒரு முடி அளவு கூடும், குறையும். இதில் இருப்பது ஸ்டிக்கர். குற்றம் கண்டுபிடிக்க முடியாத கோடு. அதுதான் என் குற்றச்சாட்டு.

"பழைய பெயின்ட் எப்படிப் போச்சு?" என்று கேட்டேன். "சாண்ட் பிளாஸ்டிங் சார். மணலைக் காத்தோட பீய்ச்சி அடிச்சா ஒரு மணி நேரத்துல வெறும் இரும்பு."

எனக்குச் சொரேல் என்றது. துருப்பிடித்த ஃபிரேமுக்கு அது சரியான வைத்தியம்தான், மறுக்கவில்லை. ஆனால் இதே மணலைத்தானே நம் ஊர்க் கோயில் தூண்களில் பீய்ச்சி, ஆயிரம் வருஷத்து உளித் தடத்தைச் சுரண்டினார்கள்? காஞ்சிபுரத்தில் கைலாசநாதர் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். ராஜசிம்மன் கட்டி 1,300 வருஷம் ஆகிறது. மணற்கல் சிற்பங்கள். பின்னால் வந்தவர்கள் நல்லெண்ணத்தோடுதான் அவற்றின் மேல் சுதை பூசிப் 'புதுப்பித்தார்கள்'. எங்கெங்கே அந்தப் பூச்சு உதிர்ந்திருக்கிறதோ அங்கெல்லாம் பல்லவச் சிற்பி எட்டிப்பார்க்கிறான். சுதையையாவது உரிக்கலாம். மணல் தின்றதை எங்கே போய்த் தேடுவது?

அரசாங்கத்துக்கும் இதில் ஓர் அபிப்பிராயம் உண்டு. 2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதிப்படி, ஐம்பது வயது தாண்டிய, இன்ஜினிலும் சேஸிஸிலும் பெரிய மாற்றம் செய்யாத வண்டி 'விண்டேஜ்'. இருபதாயிரம் கட்டினால் நம்பரில் 'வி.ஏ.' என்று தனி எழுத்து தருவார்கள். ஆனால் அந்த வண்டியைக் கண்காட்சிக்கும் ராலிக்கும் ஓட்டலாம், பெட்ரோல் போட, பழுது பார்க்கப் போகலாம். தினப்படி ஆபீஸுக்குப் போகக்கூடாது. கிட்டத்தட்ட உற்சவ மூர்த்தி அந்தஸ்து.

'தி வேர்ல்ட்ஸ் ஃபாஸ்டஸ்ட் இண்டியன்' (2005) பார்த்திருக்கிறீர்களா? இந்தியன் என்பது வண்டியின் பெயர், நம்மாள் இல்லை. நியூஸிலாந்துக்காரர் பர்ட் மன்ரோவாக ஆண்டனி ஹாப்கின்ஸ். மன்ரோ 1920-ம் வருஷ வண்டியை வாழ்நாள் பூராவும் குடைந்தார். பிஸ்டனைத் தானே வார்த்தார். உடைந்ததையெல்லாம் அலமாரியில் அடுக்கி, வேகக் கடவுளுக்குக் காணிக்கை என்று எழுதிவைத்தார். 1967-ல் அமெரிக்க உப்புப் பாலைவனத்தில், 68 வயதில், மணிக்கு 295 கிலோமீட்டர் தொட்டார். நம் விதிப்படி அவர் வண்டி விண்டேஜே கிடையாது. இன்ஜினில் கை வைத்தாயிற்றே!

விதியைக் கேலி செய்வது சுலபம். அது இல்லாவிட்டால் ஆளாளுக்கு சேஸிஸை வெட்டி ஒட்டிவிட்டு 'அசல்' என்பார்கள். ஆனால் ஓடாத வண்டிக்கு ஒரு நோய் வரும் என்பது அந்த விதிக்கும் தெரியவில்லை, என் நண்பருக்கும் தெரியவில்லை. டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு க்ராங்க் ஆயில் சீல்தான் உயிர்நாடி. ஓடிக்கொண்டிருந்தால் எண்ணெய் பட்டுப் பதமாக இருக்கும், நின்றால் காய்ந்து காற்று வாங்கும். இப்போது பங்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பருக்கு அது ஆகாது. டாங்க்கில் மாசக்கணக்கில் தேங்கினால் கார்புரேட்டரை ஒருவழி பண்ணிவிடும்.

போட்டோவெல்லாம் எடுத்து முடித்து, "இப்ப சத்தம் கேளுங்க" என்று நண்பர் உதைத்தார். பத்து உதை. இருபது. புஸ்.

கரையில் ஒரு டி.வி.எஸ். 50 வந்து நின்றது. எண்பதுகளில் வந்த மாடல். பின்னால் துணி சுற்றிய பட்டுப் பாவு, சீட்டில் சாக்கு, பெட்ரோல் மூடியில் பாலிதீன் கவர், கால் வைக்கிற இடத்தில் தகரம் வைத்த வெல்டிங். ஓட்டி வந்தவருக்கு எழுபது இருக்கும்.

"இன்னா தம்பி, வண்டி எடுக்கலியா?"

"எல்லாம் புதுசுதாங்க ஐயா. ஏன்னு தெரியல."

"பிளக்கைக் கழட்டு."

கழற்றினால் எண்ணெயில் நனைந்து கரேல் என்றிருந்தது. சாக்குக்கு அடியிலிருந்து உப்புத்தாள் எடுத்துத் தேய்த்தார். பிறகு மூடியைக் கழற்றச் சொல்லி பாயிண்ட்டையும் தேய்த்தார். நண்பர் அவருடைய அழுக்குக் கை குரோமியத்தில் பதிவதையே பார்த்துக்கொண்டிருந்தார். கார்புரேட்டர் ஜெட்டை வாயால் ஊதியதும் அவரேதான். மூன்றாவது உதையில் பிடித்துக்கொண்டது.

அந்தச் சத்தத்துக்கு எதிராக எனக்கு விமர்சனம் கிடையாது. இரண்டு சைலன்சரிலும் நீலப் புகை, ஏரிக்கரை முழுக்க எண்ணெய் வாசனை. நண்பர் ஏறி உட்கார்ந்தார். இடது கை தானாக டாங்க்கின் பக்கவாட்டுக்குப் போய், அந்தப் பள்ளம் இருந்த இடத்தைத் தடவிவிட்டுத் திரும்பியது. கரையின் அந்தக் கோடி வரை போய் வந்தார். மட்கார்டு பூரா செம்மண். துடைக்கத் துணி தேடவில்லை. "நீங்க ஓட்டறீங்களா சார்?" என்றார். ஓட்டினேன். இரண்டாவது கியருக்கு பதில் நியூட்ரலில் போட்டு உறுமவைத்து அவமானப்பட்டதை இங்கே விவரிக்கப்போவதில்லை.

நெசவாளப் பெரியவர் நாங்கள் கொடுத்த பணத்தை வாங்கவில்லை. "இன்னா வெல போவும்?" என்று மட்டும் கேட்டார். நண்பர் சொன்ன தொகையைக் கேட்டு, தன் டி.வி.எஸ்ஸை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு ஏறிப் போனார்.

லோடு வேனைத் திருப்பி அனுப்பினாரா என்கிறீர்களா? இல்லை. ஜாவா வந்த மாதிரியேதான் திரும்பியது. கயிறு கட்டும்போது மட்டும் மெத்தையை மறந்துவிட்டார்கள்.