பெயர் மறைத்த செய்யுளும் பல்கலைக்கழகத் திறனாய்வும்

கவிஞன் பெயரைக் கேட்ட மாத்திரத்தே பாராட்டத் தொடங்கும் வழக்கம் கற்றோரிடத்தும் உண்டு. அவ்வழக்கத்துக்கு இடங்கொடாதவிடத்து எஞ்சும் இலக்கியப் பயிற்சி எத்துணைத்து என்பதை அளந்து பார்த்தவர், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து ஆசிரியராய் விளங்கிய ஐ. ஏ. றிச்சர்ட்ஸ். அவர் மாணாக்கருக்குச் சில செய்யுட்களை ஆக்கியோன் பெயரும் காலமும் குறியாது வழங்கி, அவற்றைப் பற்றிய கருத்தை எழுதித் தருமாறு வேண்டினார். அவ்விடைகளை ஆராய்ந்து 1929 இல் வெளியிட்ட 'செய்முறைத் திறனாய்வு' என்னும் நூலில் 13 செய்யுட்கள் எடுத்துக்கொள்ளப்பட்டன.

விளைவு வியப்புக்குரியதாயிற்று. ஜோன் டன் இறுதித் தீர்ப்பு நாளைப் பொருளாகக் கொண்டு பாடிய செய்யுளிற் பலர் இடர்ப்பட்டனர். புகழ் நிலையாத சிலருடைய பாக்கள் பாராட்டுப் பெற்றன. வாசகர் இடறும் இடங்களைப் பத்தாக வகுத்த றிச்சர்ட்ஸ், செய்யுளின் நேர்ப்பொருளை உணரமாட்டாமையை முதலில் வைத்தார். பதவுரை காணுதலைத் தாழ்வாக எண்ணி, நயம் கூறுதற்கு விரைவோர் இதனைச் சிறிது நின்று நோக்குதல் வேண்டும்.

1936 இல் அமெரிக்காவிலுள்ள பிரின் மோர் கல்லூரியிலே சொல்வன்மைக் கலையைப் பற்றி அவர் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். பேச்சை அழகு செய்யும் உத்திகளின் பட்டியலாகச் சுருங்கிவிட்ட அக்கலையை, பொருள் பிறழவுணர்தலையும் அதனை நீக்கும் வழியையும் ஆராயும் துறையாக அவர் மாற்ற விரும்பினார். உருவகம் செய்யுளின் மேற் பூட்டிய அணிகலன் அன்று. இரு பொருள்கள் ஒன்றையொன்று தாக்க, அங்கே பிறக்கும் சிந்தனையே அது என்பது அவர் கொள்கை.

இக்கொள்கை தமிழுக்கு முற்றும் புதியது அன்று. தொல்காப்பியர் உவமையைப் பொருளதிகாரத்துள் வைத்து, வினை, பயன், மெய், உரு என்னும் நான்கின் வழி ஒப்புமை தோன்றுமாற்றைக் கூறினார். வடமொழிக் காவியாதரிசத்தைத் தழுவிய தண்டியலங்காரம் அணிகளை நுணுக்கமாக வகைப்படுத்திற்று. அந்நூலிற் குற்றம் இல்லை. அணியின் பெயரைச் சுட்டி இலக்கணத்தை ஒப்புவித்தவனுக்கே நிறைந்த புள்ளி வழங்கும் தேர்வுமுறையிலேதான் குற்றம் உளது.

குறுந்தொகை 40 ஆம் பாட்டு இதற்குத் தக்க சான்று. அதனைப் பாடியவர் இயற்பெயர் கிடைத்திலது. அவர் ஆண்ட உவமையே அவருக்குப் பெயராகிச் செம்புலப்பெயனீரார் என வழங்கலாயினார். றிச்சர்ட்ஸ் வேண்டுமென்றே பெயரை மறைத்தார்; ஈண்டுக் காலமே மறைத்துவிட்டது போலும்! செம்மண்ணிற் பெய்த மழைநீர் அம்மண்ணின் நிறத்தைப் பெறுதலால் உரு உவமம் எனலாம். மண்ணோடு கலந்து பிரிக்கலாகாதபடி நிற்றலால் வினை உவமம் எனவும் கொள்ளலாம். இரண்டுள் ஒன்றை மட்டும் குறித்து அமைபவன் செய்யுளின் பாதியை இழக்கின்றான்.

ஆயினும் றிச்சர்ட்ஸ் முறையை அவ்வாறே இப்பாட்டின்மேற் செலுத்துதல் பொருந்தாது. இயற்கைப் புணர்ச்சியின் பின் தலைவன் பிரிந்துவிடுவானோ எனத் தலைவி அஞ்சுகின்றாள். அவள் குறிப்பறிந்து அவன் கூறியது இது என்கிறது பாட்டின் கீழுள்ள கூற்றுக் குறிப்பு. அதனையும் மறைத்துவிட்டால், காதலைப் பொதுவாகப் புகழும் பாட்டாகவே இது தோன்றும். குறிப்பை உடன்வைத்துப் படிக்குங்கால், முன்பின் அறியாத இருவர் உறவு நிலைக்குமா என்னும் அச்சத்துக்கு விடையாகவே மழைநீர் வருகின்றது. திணையும் துறையும் கூற்றும் செய்யுளுக்குப் புறம்பான செய்திகள் அல்ல. அம்மரபறிவும் நேர்ப்பொருளின் ஒரு கூறேயாம். டன்னின் செய்யுளைக் கற்ற மாணாக்கர் சிலருக்கும் சமயக் கருத்தறியாமையே தடையாயிற்று என்பது கருதத்தக்கது.

எனினும், கூற்று எழுதினோர் கருத்தே முடிந்த முடிபு எனக் கொள்ளுதலும் வேண்டியதில்லை. அது பிற்காலத்தார் குறிப்பாதலும் கூடும். ஆகவே, கேம்பிரிட்ஜ் சோதனையைச் சிறிது மாற்றிச் செய்து பார்த்தல் தகும். ஒரே அகப்பாட்டைக் கூற்றின்றி ஒருமுறையும் கூற்றுடன் ஒருமுறையும் அதே மாணாக்கரிடம் கொடுத்து, இரு விடைகளையும் ஒப்புநோக்கலாம். இதற்குப் பத்துப் பாட்டுக்கள் போதும். ஒரு தவணைக்குள் முடித்துவிடலாம்.